இரண்டு பேரின் சளி, ஒரே குப்பி

விடிந்தும் விடியாத நேரம். அடுப்பில் ரொட்டிக்கல் சூடேறிக்கொண்டிருந்தது. பின்கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு சரோஜா அக்கா உள்ளே வந்தார். தலையில் துவாய், தோளில் கம்பளி, கையில் மூடி திறந்த ஒரு சின்னப் பிளாஸ்டிக் குப்பி. சீனி கடன் கேட்டு வருகிறவர் கிண்ணத்தை நீட்டுகிற மாதிரி அதை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"கௌரி, கொஞ்சம் கொறையுதுடி. கோட்டுக்கு வரல. நீ கொஞ்சம் போடு."

எட்டிப் பார்த்தேன். குப்பியின் அடியில் ஒரு பொட்டு அளவுக்கு ஏதோ இருந்தது. கோடு எங்கோ மேலே இருந்தது.

"என்னாக்கா போடுறது?"

"சளிதான். பின்ன பாலா கேக்குறேன்?"

சிரிப்பு வந்தது. சிரித்தால் எனக்கு இருமல் வரும். இருமினால் அந்த நாட்களில் தாராளமாகச் சளியும் வரும். அக்கா நேரம் பார்த்துக் குப்பியை என் வாயருகே பிடித்தார். ஒரே இருமலில் கோட்டைத் தாண்டிவிட்டேன்.

"ஐயோ மகராசி, போதும்டி, வழியப் போகுது," என்று மூடியைத் திருகிக்கொண்டு அக்கா ஓடினார். நான் கையைக் கழுவிவிட்டு ரொட்டி தட்டப் போனேன். காலையிலேயே ஒருவருக்கு உதவி செய்துவிட்ட திருப்தியோடு இரண்டு ரொட்டி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

இந்தத் தொடரில் என் கல்யாணத்தை எழுதினேன், மண்சரிவை எழுதினேன், வாசகர்கள் நல்லபடியாக இரண்டு வார்த்தை சொன்னார்கள். இந்த வாரம் சளியைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் கணவர் கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டார். "இத எழுதத்தான் வேணுமா?" என்று கேட்டார். வேணும். சாப்பிட்டுக்கொண்டே பத்திரிகை படிக்கிறவர்கள் மட்டும் கையைக் கழுவிவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

ஒரு கை கொழுந்து

கலஹாப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில்தான் எங்கள் லயம், தொழிலாளர் வரிசை வீடுகள். லயத்தில் எங்கள் காம்பராவுக்கும் சரோஜா அக்காவின் காம்பராவுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அவர் தும்மினால் எங்கள் வீட்டில் யாராவது "நூறு" என்று வாழ்த்துவார்கள்.

உயர்தரப் பரீட்சை என்னை ஏற்றுக்கொள்ளாத பிறகு நான் ஒரு வருடம் கொழுந்து பறித்தேன். பறித்தேன் என்று சொல்வது மரியாதைக்கு. மற்றவர்கள் நிரை முடித்து அடுத்த நிரைக்குப் போகும்போது நான் அட்டை கடித்த காலைச் சொறிந்துகொண்டு பாதி நிரையில் நிற்பேன். எங்கள் பக்கத்தில் ஒரு நாளுக்கு இவ்வளவு கொழுந்து என்று ஒரு அளவு உண்டு. அது வந்தால்தான் முழுப்பேர், முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர்.

அந்த ஒரு வருடத்தில் எனக்கு அரைப்பேர் விழுந்த நாட்கள் மிகக் குறைவு. காரணம் பக்கத்து நிரையில் நின்ற சரோஜா அக்கா. நிறுக்கப் போகும் வழியில், கங்காணி வேறு பக்கம் பார்க்கும் நேரத்தில், தன் கூடையிலிருந்து ஒரு கை அள்ளி என் கூடையில் போடுவார். அக்கா மட்டுமல்ல, எல்லோரும் அப்படித்தான். ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்திக்கு இடுப்புவலி, ஒருத்தி என்னைப் போல உதவாக்கரை. குறைகிறவளுக்கு நிறைகிறவள் போடுவாள். அதற்கு நன்றி சொல்வதும் கிடையாது.

இதை ஏன் விளக்குகிறேன் என்றால், குப்பியில் கோடு போட்டு, "இதுவரைக்கும் வரணும், குறைந்தால் எடுக்க மாட்டார்கள்" என்று எங்கள் பெண்களிடம் யாராவது சொன்னால் அவர்கள் கையில் என்ன நடக்கும் என்பது உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும்.

கோடு காட்டியவர்

கோட்டைக் காட்டியவர் பி.எச்.ஐ. நாசர். பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அலவத்துகொடக்காரர். நாங்கள் எல்லோரும் ஐயா என்போம். சரோஜா அக்கா மட்டும் முதல் நாளிலிருந்தே "நானா" என்றுதான் கூப்பிடுவார். நானா என்றால் அண்ணன். அக்காவின் மூத்த மகனைவிட அவருக்கு வயது குறைவு.

கலஹா டவுனுக்குக் கொஞ்சம் கீழே ஒரு சின்ன அரசாங்க கிளினிக் இருக்கிறது. இரண்டு அறை, ஒரு விறாந்தை, உட்கார நான்கு வாங்கு. விறாந்தைச் சுவரில் வாயைப் பொத்தாமல் இருமும் ஒரு மனிதனின் படம் ஒட்டியிருந்தது. அந்த ஆள் மீசை, வழுக்கை, கண்ணாடி எல்லாம் சேர்த்து எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஐயாவை அப்படியே உரித்து வைத்திருந்தார். எங்கள் பெண்கள் அந்தப் படத்துக்கு நேர் எதிரே உட்கார மாட்டார்கள். உட்கார நேர்ந்தாலும் காலுக்குமேல் கால் போட மாட்டார்கள்.

அக்காவுக்கு மூன்று வாரத்துக்கு மேலாக இருமல். வறட்டு இருமல், ஆனால் சத்தம் பெரிது. அந்தச் சத்தத்தில் லயத்துக் கோழிகளே நேரத்தோடு எழும்பிக்கொண்டிருந்தன. ஒருநாள் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு வந்த நாசர் ஐயா அந்தச் சத்தத்தைக் கேட்டு மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டார். அடுத்த நாளே அக்காவைக் கிளினிக்குக்கு வரவழைத்தார். துணைக்கு நான் போனேன்.

"துப்பல் வாணாம். நெஞ்சுக்குள்ளேந்து வார சளி வேணும். ஒண்டு இப்ப தாங்க, மத்தது நாளைக்கு விடியக்காலைல எழும்பின ஒடனே எடுங்க," என்று இரண்டு குப்பிகளைக் கொடுத்தார். "இந்தக் கோடு ஈக்குதே, அதுவரைக்கும் வரோணும். கொறஞ்சா லாப்ல எடுக்க மாட்டாங்க. வெளங்கினதா சரோஜாக்கா?"

"வெளங்குச்சு நானா," என்றார் அக்கா. அவருக்கு நன்றாகவே விளங்கியிருந்தது.

முதல் குப்பியை அங்கேயே கொடுத்தார். விறாந்தை முழுக்க ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, அதிலும் கிளாக்கர் ஐயாவின் படம் வேறு முறைத்துக்கொண்டிருக்க, அக்காவுக்கு நெஞ்சிலிருந்து ஒன்றும் வரவில்லை. எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். இரண்டாவது குப்பியின் கதை உங்களுக்குத் தெரியும்.

நான் அழகாகிக்கொண்டிருந்தேன்

என் இருமலைப் பற்றி ஏன் யாரும் கேட்கவில்லை என்று நீங்கள் யோசிக்கலாம். என் இருமல் மரியாதையான இருமல். காலையில் நாலு தடவை, சாயந்தரம் நாலு தடவை, அவ்வளவுதான். அடுப்புப் புகை என்று நினைத்தேன். சில மாலைகளில் உடம்பு இலேசாகச் சுட்டது. பிள்ளைகளைத் தூக்கிச் சுமந்த களைப்பு என்று நினைத்தேன்.

அப்போது எனக்குப் புது வேலை கிடைத்திருந்தது. பயிற்சி முடித்து, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவைப் பொறுப்பெடுத்திருந்தேன். வாசலில் சிறுவர் பராமரிப்பு நிலையம் என்று மூன்று மொழியில் பலகை தொங்கும். ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை. தாய்மார் காலையில் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்கள். பதினோரு பிள்ளைகள். அதில் மூன்று தொட்டில் பிள்ளைகள். ஆகக் கடைசி சந்தியாவின் மகன், நாலு மாதம். எந்நேரமும் நெற்றியைச் சுருக்கி எங்களை அதட்டுவதுபோலப் பார்ப்பதால் அவனுக்குக் குட்டித்தொரை என்று பெயர். அவன் என் தோளில் மட்டும்தான் தூங்குவான். அதில் எனக்குப் பெருமை.

கொழுந்து மலையில் உதவாக்கரையாக இருந்த எனக்குக் கடைசியில் ஒரு வேலை கைவந்திருந்தது. அந்தப் பதினோரு பேரையும் யார் எப்போது அழுவார்கள், யாருக்கு எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும் என்று எனக்குத் தெரியும். அந்த வேலையை நான் அவ்வளவு விரும்பினேன்.

இதற்கு நடுவே நான் மெலிந்துகொண்டே வந்தேன். கல்யாணத்துக்குத் தைத்த சட்டைகளை இரண்டு தடவை பிடித்துத் தைத்தேன். கணவர் பல்லேகலவில் ஒரு தொழிற்சாலையில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். வந்த ஒரு சனிக்கிழமை என்னைப் பார்த்துவிட்டு, "சினிமாக்காரி மாதிரி ஆயிட்ட," என்றார். அந்த வாரம் முழுக்க நான் கண்ணாடிக்கு முன்னால்தான் நின்றேன். இவ்வளவு சந்தோஷமாக நோயை வளர்த்தவள் கண்டிப் பக்கத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இரண்டாவது குப்பி

சில நாள் கழித்து நாசர் ஐயாவின் மோட்டார் சைக்கிள் லயத்துக்கு வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். பிள்ளைகளைத் தூங்கவைத்து, உதவிக்கு இருந்த பெண்ணிடம் விட்டுவிட்டு நான் வீட்டுக்கு வந்திருந்தேன். அக்காவும் மலையிலிருந்து வந்திருந்தார். ஐயா குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். நடுச்சுவர் என்னிடம் எதையும் மறைத்ததில்லை.

"பயப்பட ஒண்டுமில்ல சரோஜாக்கா. காசநோய்க் கிருமி ஈக்குது. ஆறு மாசம் ஒழுங்கா மாத்திரை குடிச்சா முழுக்கச் சொகமாகும். நாளைக்கு கிளினிக்குக்கு வாங்க, அங்கேந்து கண்டிக்கு அனுப்புவாங்க."

"எனக்கா?" என்றார் அக்கா.

"மொதக் குப்பியில ஒண்டுமில்ல. ரெண்டாவது குப்பியிலதான் ஈக்குது. நல்லா ஈக்குது."

ரெண்டாவது குப்பி. நான் கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டேன்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். பயம் வந்தால் சிரிப்பு வரும். பாட்டனார் செத்த வீட்டில் சிரித்து அடி வாங்கியவள் நான். அன்றும் சுவரில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். கண்ணீர் வந்தது. அது எந்தக் கண்ணீர் என்று எனக்கே தெரியவில்லை. காலையில் குட்டித்தொரை என் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் தூங்கியிருந்தான்.

பாதி பாதி

ஐயா போனதும் அக்காவின் காம்பராவுக்குப் போனேன். வாயில் துவாயைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

"அக்கா, அது என்னோடது."

"எது?"

"அந்தக் கிருமி. ரெண்டாவது குப்பியில பாதிக்கு மேல நான்தான்."

அக்கா என்னைப் பார்த்தார். அவருக்கு அது ஏற்கெனவே தெரிந்துவிட்டது என்று அந்தப் பார்வையில் புரிந்தது. ஒரு குப்பையும் இல்லாத தரையைக் கூட்ட ஆரம்பித்தார்.

"நீ வாய மூடிக்கிட்டு இரு. இருமுறவ நானு. லயத்துக்கே தெரியும். நான் மாத்திரை குடிச்சுட்டுப் போறேன்."

"உங்களுக்கு இல்லன்னா?"

"இல்லாட்டி என்னா, மாத்திரைதானே. இப்பதான் ஒனக்கு வேலை கெடைச்சிருக்கு. டீபின்னு தெரிஞ்சா எவ பிள்ளைய ஒங்கிட்ட விடுவா? நீ சும்மா இரு, ஒம்பேரையும் சேத்து நான் போட்டுக்கிறேன்."

"மாத்திரைய நீங்க குடிச்சா எனக்கு எப்படிக்கா சொகமாகும்?"

கூட்டுமாறு நின்றது. இந்தச் சிக்கலை அவர் யோசித்திருக்கவில்லை.

"அவங்க கண்ணு முன்னாடிதான் முழுங்கணுமாம். நான் கன்னத்துல ஒதுக்கி வச்சுக்கிட்டு வந்து ஒனக்குக் குடுக்கிறேன். பாதி எனக்கு, பாதி ஒனக்கு."

"எச்சி மாத்திரையா?"

"சளியவே குடுத்தவ எச்சிக்கு மூஞ்சியச் சுளிக்கிறா பாரு."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துச் சிரித்து இரண்டு பேரும் இருமினோம். இருமும்போது அக்கா பழக்கதோஷத்தில் என் முதுகைத் தடவ வந்தார், நான் பின்னால் நகர்ந்தேன். ஆறு மாதம் ஒரு நோயைத் தன் பெயரில் தூக்கிக்கொள்ளத் தயாராக நின்ற அந்த மனுஷி மேல் எனக்கு வந்த அன்பை இந்தப் பக்கத்தில் எழுத முடியாது. அப்படிச் செய்யட்டும் என்று ஒரு கணம் நான் நினைத்ததையும் மறைக்க மாட்டேன். வேலை இருக்கும், ஒருவருக்கும் தெரியாது, பாதி மாத்திரையில் பாதிச் சுகமாவது வரும்.

ஆனால் பிள்ளைகள் தூங்கி எழும்பும் நேரமாகிவிட்டது. நான் அங்கே போகவில்லை. தலைவலி என்று ஆள் அனுப்பிவிட்டு, பாயில் படுத்துக்கொண்டு அந்தப் பதினோரு பேரையும் ஒவ்வொருவராக நினைத்தேன். கடைசிப் பெயருக்கு வரும்போது முடிவு செய்துவிட்டேன்.

டொக்டர் அம்மாவின் கண்ணாடி

மறுநாள் காலை பஸ்ஸில் அக்காவும் நானும் ஆளுக்கொரு மாஸ்க்கோடு ஏறினோம். வழி முழுக்க அக்கா, "யோசிச்சுக்கடி," என்றார். யோசித்தால் இறங்கிவிடுவேன் என்று பயந்து நான் யோசிக்கவில்லை.

கிளினிக்கில் அப்போதிருந்த டொக்டர் அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய அறைக்குக் கதவு கிடையாது, திரைச்சீலை மட்டும். உள்ளே பேசினால் நாலு வாங்கும் கேட்கும்.

"என்ன பிள்ளை, என்ன செய்யுது?"

"நான் சளி போட்டுட்டேங்க."

"எங்க?"

"சரோஜா அக்காவோட குப்பியில."

டொக்டர் அம்மா பேனையை வைத்தார். "எனக்கு விளங்கேல்லை. ஆற்ற சளி ஆற்ற குப்பியிலை?"

"அக்காவோட குப்பியில என்னோட சளிங்க. அவங்களுக்குக் கொறைஞ்சிச்சு. கோடு வரைக்கும் வரணும்னு ஐயா சொன்னாருங்க. அதான் கொஞ்சம் குடுத்தேன்."

"சளியைக் கடன் குடுத்தனீரோ?"

"கடன் இல்லிங்க. சும்மாதான்."

திரைக்கு வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டொக்டர் அம்மா நாசர் ஐயாவைக் கூப்பிட்டார். அவர் வந்து முழுக்கதையையும் கேட்டார். முகம் கறுத்துச் சிவந்தது.

"கோடு வரைக்கும் வரோணும்னுதான் நான் சொன்ன. கூட்டாளியையும் சேத்துக்கிட்டு வரச் சொல்லல்லயே," என்றார்.

அதோடு டொக்டர் அம்மாவால் முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். ஐயா சிரித்தார். மருந்து கட்டும் பெண் சிரித்தார். நானும் சிரித்தேன், என் சிரிப்புக்குக் காரணம் வேறு என்றாலும். வெளியே அக்கா, விறாந்தையில் இருந்தவர்களுக்குச் சம்பவத்தை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

டொக்டர் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சரி. உமக்கு எத்தினை நாளா இருமல்?"

சொன்னேன். மெலிந்ததைச் சொன்னேன். மாலைக் காய்ச்சலைச் சொன்னேன்.

"நீர் என்ன வேலை செய்யிறீர்?"

"பிள்ளைக் காம்பராவுல. பதினோரு பிள்ளைங்க. மூணு கைப்பிள்ளைங்க."

அறையில் சிரிப்பு நின்றது. டொக்டர் அம்மா பேனையை மறுபடி எடுத்தார். பிறகு, "நீரா வந்து சொன்னது பெரிய விசயம். இனி நாங்கள் பாப்பம்," என்றார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

புதிதாகச் சளி எடுக்கக் கிளினிக்குக்குப் பின்னாலிருந்த ஆனைக்கொய்யா மரத்தடிக்கு எங்களை அனுப்பினார்கள். மரத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அக்கா. நடுவில் பரீட்சை மேற்பார்வையாளர் மாதிரி நாசர் ஐயா, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"வருதாடி?" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"கதைக்க வாணாம்," என்றார் ஐயா. "ரெண்டு பேரும் அவங்கவங்க குப்பியப் பாருங்க."

கண்டிக்குப் போய் நெஞ்சைப் படம் பிடித்தார்கள். முடிவு வந்தது. கிருமி என் குப்பியில் இருந்தது, அக்காவின் குப்பியில் இல்லை. அவருக்கு இருந்தது இழுப்பு வியாதியின் இருமல். உறிஞ்சுகிற மருந்து ஒன்று கொடுத்து அனுப்பினார்கள். அக்காவுக்கு அதில் திருப்தியே இல்லை. "எனக்கு இல்லேன்னு எப்படிச் சொல்றீங்க, இன்னொருக்கா பாருங்க," என்று நாசர் ஐயாவிடம் சண்டை பிடித்தார். நோய் இல்லை என்பதற்காகச் சண்டை பிடித்த ஒரே ஆளை அன்று பார்த்ததாக ஐயா பிறகு என்னிடம் சொன்னார்.

மூன்று நாள்

மாத்திரை தொடங்கிய முதல் நாள் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது. கத்திய கத்தலில் லயம் கூடிவிட்டது. மருந்து கட்டும் பெண் அதை முன்கூட்டியே சொல்லியிருந்தார். நான்தான் ஏதோ யோசனையில் கேட்கவில்லை. கணவர் லீவு போட்டு வந்து சமைத்தார். அந்தச் சமையலை நோயாளி என்பதால் மறுக்க முடியவில்லை.

சிரிக்க முடியாத இடமும் ஒன்று இருந்தது. பிள்ளைக் காம்பராவுக்குக் கிளினிக்கிலிருந்து வந்தார்கள். பதினோரு பிள்ளைகளின் கையிலும் தோலுக்கடியில் சின்ன ஊசி போட்டார்கள். வீங்குகிறதா என்று பார்க்க மூன்று நாள் பொறுக்கவேண்டும். பதினோரு பேரும் ஒரே நேரத்தில் அழுத சத்தம் என் காம்பரா வரை வந்தது. ஒவ்வொரு குரலும் யாருடையது என்று எனக்குத் தெரிந்தது.

அந்த மூன்று நாளும் பயம் இருந்தது, சிரிப்பு வரவில்லை. ஜன்னலருகே உட்கார்ந்திருந்தேன். மலைக்குப் போகும் தாய்மார் என் வாசலைக் கடக்கும்போது மட்டும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். சந்தியா தலையைத் திருப்பவே இல்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மூன்றாம் நாள் சாயந்தரம் அக்கா ஓடி வந்தார். ஜன்னலுக்கு வெளியே நின்று மூச்சு வாங்கி, உறிஞ்சுகிற மருந்தை இரண்டு தடவை உறிஞ்சிவிட்டுத்தான் அவரால் பேச முடிந்தது.

"ஒருத்தருக்கும் நோயில்லடி. நெஞ்சுப் படமும் எடுத்துப் பாத்துட்டாங்க. சின்னதுங்க மூணுக்கும் மட்டும் முன்கூட்டியே மருந்து குடுக்கச் சொல்லியிருக்காங்க, வராம இருக்க."

கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். அப்புறம்தான் யோசித்தேன். நோயே இல்லாத குட்டித்தொரைக்கு, என்னால், சந்தியா மாதக்கணக்கில் தினமும் மருந்து கரைத்து ஊட்டவேண்டும்.

வாசல்படி

இரண்டு மாதத்துக்குப் பிறகு என் சளியில் கிருமி இல்லை என்று வந்தது. மாத்திரை இன்னும் பாக்கி. ஆனால் என்னிடமிருந்து யாருக்கும் தொற்றாது, வேலைக்குப் போகலாம் என்று டொக்டர் அம்மா கடிதம் எழுதித் தந்தார். தோட்டத்து ஒஃபிஸில் கடிதத்தைப் படித்துவிட்டுச் சரி என்றார்கள். ஒஃபிஸுக்குக் கொடுக்க ஒரு கடிதம் இருந்தது. தாய்மாருக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அன்று காலை நேரத்தோடு போய் ஜன்னல்களைத் திறந்தேன். தரையைக் கழுவினேன். தொட்டில் சேலைகளை மாற்றிக் கட்டினேன். தேவையில்லை என்று சொல்லியிருந்தும் மாஸ்க் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன்.

பனிக்குள்ளிருந்து அவர்கள் வந்தார்கள். இடுப்பில் படங்குச் சாக்கு, முதுகில் கூடை, கையில் பிள்ளை. முற்றத்துக்கு வந்ததும் எல்லோரும் நின்றார்கள். ஒருவரும் படியேறவில்லை. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள், தாய்மார் நிலத்தைப் பார்த்தார்கள்.

"டொக்டர் கடிதம் குடுத்திருக்காங்க," என்றேன்.

சந்தியா முன்னால் வந்தாள். நாலு படியையும் ஏறினாள். குட்டித்தொரை வளர்ந்திருந்தான், நெற்றிச் சுருக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

"மருந்து குடுத்துட்டேன். காலையில சரியாப் பால் குடிக்கல. பத்து மணிக்கு வர்றேன்," என்றாள்.

"சந்தியா, ஒனக்குப் பயமா இல்லியா?"

"இருந்திச்சு. ராத்திரி பூரா இருந்திச்சு." பிள்ளையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "நீ போய்ச் சொல்லாம இருந்திருந்தா எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரிஞ்சிருக்காது. அத நெனைச்சாத்தான் இன்னும் பயமா இருக்கு. மொதல்ல அந்த மாஸ்க்கக் கழட்டு. ஒம்மூஞ்சி தெரியாட்டி இவன் அழுவான்."

கழற்றினேன். பிள்ளையை என் கையில் கொடுத்தாள். அவன் என்னை நெடுநேரம் உற்றுப் பார்த்தான். பிறகு மூக்கைச் சுருக்கி, வாயைத் திறந்து, என் முகம் முழுக்க நனையும்படி ஒரு தும்மல் தும்மினான்.

முற்றத்தில் ஒருவரும் அசையவில்லை. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, கையிலும் பிள்ளை. சந்தியாதான் முதலில் சிரித்தாள். தலைத்துவாயின் நுனியை இழுத்து என் கன்னத்தைத் துடைத்தாள், கண்ணைத் துடைத்தாள்.

"ஆடாம நில்லு, இன்னும் இருக்கு," என்று என் மூக்கையும் பிடித்து அழுத்தித் துடைத்துவிட்டு, அதே துவாயைத் தலையில் கட்டிக்கொண்டு மலைக்கு ஓடினாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் படியேறத் தொடங்கினார்கள்.